வீட்டில் ஆவாரை வளர்க்க: விதை எடுப்பதிலிருந்து பூப் பறிப்பது வரை

"காட்டுச் செடிதானே, வைத்தால் தானாக வளரும்" என்றுதான் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். மதுரைக்கு வடக்கே அழகர்கோவில் சாலைப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்ததும், மேற்குச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு வரிசை ஆவாரை வைக்க ஆசைப்பட்டேன். அந்த ஒரு வரிசை நிற்க மூன்று வருடம் ஆகிவிட்டது. முதல் வருடம் வெளியிலிருந்து தோண்டி வந்து நட்ட செடிகள் காய்ந்தன. இரண்டாம் வருடம் போட்ட விதை பெரும்பாலும் முளைக்கவில்லை. அதே வருடம் விலைக்கு வாங்கி வைத்த கன்றுகள் தூரில் அழுகின. மூன்றாம் வருடம் வைத்தவைதான் இன்று பன்னிரண்டு செடிகளாக நிற்கின்றன. கோடையில் தெருவே வறண்டு கிடக்கும்போதும் அவற்றுக்கு நான் ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றுவதில்லை.

ஆவாரை வறட்சியைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் ஆணிவேர் ஆழமாக இறங்கிய பிறகுதான் தாங்கும். அதுவரை அதுவும் மற்றக் கன்றுகளைப் போலத்தான். நான் செய்த தவறு ஒவ்வொன்றும் அந்த வேரைப் பற்றித் தெரியாமல் செய்தது. அதனால் கீழே உள்ள எல்லாப் படிகளையும் வேரை நினைத்தே எழுதியிருக்கிறேன்.

1. எந்தச் செடி என்று முதலில் உறுதி செய்யுங்கள்

மஞ்சளாகப் பூக்கும் புதர்கள் நிறைய உண்டு. நர்சரியில் "ஆவாரை" என்று கேட்டால் பொன்னாவிரையையோ, சீமையகத்தியையோ, சில இடங்களில் மணிமணியாகப் பூக்கும் தங்கரளியையோ எடுத்துக் கொடுப்பார்கள். நாட்டுமருந்துக் கடையில் விதை கேட்டால் நிலாவாரை கிடைக்க வாய்ப்பு அதிகம். நிலாவாரை பேதிக்குக் கொடுக்கும் மருந்துச் செடி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வயலிலேயே பயிரிடுகிறார்கள். பெயர் ஒட்டி வந்தாலும் இரண்டும் வேறு வேறு. மாற்றி வாங்கி, அதன் இலையையோ பூவையோ தேநீராகப் போட்டுவிட்டால் வயிறு படாத பாடு படும்.

அடையாளம் காண ஒரு சுலபமான வழி இருக்கிறது. இளங்கிளையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே காதுமடல் மாதிரி அகலமான இரண்டு பச்சைச் செதில்கள் தண்டை அணைத்தாற்போல் இருக்கும். தாவரப் பெயரே இந்தக் காதிலிருந்துதான் வந்தது: சென்னா ஆரிகுலேட்டா. லத்தீனில் 'ஆரிகுலா' என்றால் சிறு காது. இன்னொரு அடையாளம், ஒவ்வொரு ஜோடி சிற்றிலைக்கும் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு நிமிர்ந்து நிற்கும் ஒரு சுரப்பி. காதும் சுரப்பியும் சேர்ந்து இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

சில நர்சரிகளில் பழைய பெயரில் 'கேசியா ஆரிகுலேட்டா' என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதுவும் இதே செடிதான். வாங்கும்போது பில்லில் வெறும் "பூச்செடி" என்று போட விடாதீர்கள். செடியின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு செடி என்று தெரியவந்தால் கையில் காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

2. வெளியில் நிற்கும் செடியைத் தோண்டி வராதீர்கள்

பலரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். நானும் செய்தேன். முழங்கால் உயரச் செடிதானே என்று கடப்பாறையால் ஒன்றரை அடி தோண்டினேன். அந்த ஆழத்திலும் வேர் கட்டைவிரல் கனத்தில் நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நெம்பியதும் 'டப்' என்று ஒடிந்தது. பக்கவேர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அன்று மாலையே இலைகள் வாடித் தொங்கின. நான்கு நாளில் எல்லாம் உதிர்ந்துவிட்டன. இப்படி ஐந்து செடிகளைக் கொன்றேன். அவை இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் இன்றும் பூத்துக்கொண்டிருக்கும்.

கிளையை ஒடித்து நட்டால் வருமா என்று கேட்பவர்களுக்கு: நான் பத்துக் குச்சிகள் நட்டேன், ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. விதைதான் வழி.

3. விதை எடுக்கும் காலம்

பொங்கல் சமயத்தில் நன்றாகப் பூத்திருக்கும் செடியைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனி வாக்கில் அதில் காய்கள் காய்ந்து பழுப்பாகித் தாள் மாதிரி ஆகியிருக்கும். பச்சைக் காயைப் பறிக்க வேண்டாம், அதிலிருக்கும் விதை முற்றியிருக்காது. காயை ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும்.

நான்கைந்து செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரே செடியை மொட்டையடிக்க வேண்டாம். சாலையோரம், கண்மாய்க்கரை, தெரிந்தவர் தோட்டம் இவற்றில் கிடைப்பதே போதும். காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். அனுமதியில்லாமல் அங்கிருந்து எதை எடுத்தாலும் குற்றம், விதை என்றாலும் விதிவிலக்கு கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் காயை உடைத்து ஒரு தட்டில் கொட்டி ஒவ்வொரு விதையாகப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல் ஓட்டை இருந்தால் உள்ளே வண்டு தின்றுவிட்டது என்று அர்த்தம். முதல் முறை இதை நான் பார்க்கவே இல்லை. இரண்டாம் முறை எண்ணிப் பார்த்தபோது, எடுத்து வந்ததில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஓட்டை விதையாக இருந்தது. நல்ல விதை தட்டையாக, பழுப்பு நிறத்தில், மெல்லிய பளபளப்போடு இருக்கும். பன்னிரண்டு செடி வேண்டுமென்றால் நாற்பது நல்ல விதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. விதை நேர்த்தி: இதைத் தாண்டினால் முளைப்பு கிடையாது

ஆவாரை விதையின் தோல் மிகக் கெட்டி. தண்ணீர் உள்ளே போகவே போகாது. காட்டில் வெயில், மழை, மண் உராய்வு எல்லாம் பட்டு வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தோல் இளகி முளைக்கிறது. நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இரண்டாம் வருடம் நாற்பது விதைகளை அப்படியே மண்ணில் ஊன்றி, ஒரு மாதம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். முளைத்தது மூன்று. மீதியைத் தோண்டிப் பார்த்தால், போட்ட அன்று எப்படி இருந்தனவோ அப்படியே கல் மாதிரி இருந்தன.

நேர்த்திக்கு இரண்டு வழி உண்டு.

வெந்நீர் வழி: ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து விதைகளை அதில் போட்டு மூடி, அப்படியே இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் விதை வெந்துவிடும். காலையில் பார்த்தால் சில விதைகள் ஏறக்குறைய இரண்டு மடங்காக உப்பியிருக்கும். அவற்றை மட்டும் எடுத்து அன்றைக்கே விதையுங்கள். உப்பாதவற்றை மறுபடி ஒருமுறை அதே மாதிரி வெந்நீரில் போடுங்கள். மிதப்பவற்றைக் கொட்டிவிடலாம்.

உப்புத்தாள் வழி: விதை கொஞ்சமாக இருந்தால் இதுதான் நிச்சயமானது. ஹார்டுவேர் கடையில் ஒரு உப்புத்தாள் வாங்கி, விதையின் அகன்ற பக்க ஓரத்தை நான்கைந்து தடவை தேயுங்கள். பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய நிறம் லேசாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். விதை காயோடு ஒட்டியிருந்த கூர்முனைப் பக்கம் தேய்க்காதீர்கள், முளை இருப்பது அங்கேதான். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊறினால் போதும். நான் இப்படித் தேய்த்த முப்பது விதைகளில் இருபத்து நான்கு முளைத்தன.

5. இடமும் குழியும்

ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மற்றச் செடிகள் கருகும் மேற்குச் சுவர் ஓரம் இதற்கு ஏற்ற இடம். செம்மண், சரளை, சுண்ணாம்பு கலந்த மண் எதுவானாலும் வளரும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. பாத்திரம் கழுவும் தண்ணீர் விழும் இடம், புல்தரையை ஒட்டிய இடம், தொட்டி நிரம்பி வழியும் மூலை, இவை எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

புதிதாகக் கட்டிய வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. மேலே ஒரு சாண் செம்மண் பரப்பியிருப்பார்கள். அதற்குக் கீழே ஜல்லி, உடைந்த செங்கல், இறுகிப்போன சிமென்ட் கலவை என்று கட்டட மிச்சம் எல்லாம் புதைந்து கிடக்கும். என் மனையில் அப்படித்தான். நர்சரியிலிருந்து வாங்கிய ஆறு கன்றுகளை அந்த மேல்மண்ணில் நட்டேன். வாரம் முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். கீழே வடிய வழியில்லாமல் தூர் கறுத்து, இழுத்தால் கையோடு வந்தது.

அதனால் முதலில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுங்கள். கிடைக்கும் கல், கலவை எல்லாவற்றையும் வெளியே தள்ளுங்கள். பிறகு குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிட்டால் சரி. என் குழிகளில் இரண்டில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது. அங்கே அடியில் கடப்பாறையால் இறுகிய அடுக்கை உடைத்துவிட்டு, மேலே ஓர் அடிக்கு மண்ணை மேடாகக் குவித்து நட்டேன். அந்த இரண்டு செடிகளும் இன்று நன்றாகவே இருக்கின்றன.

எடுத்த மண்ணோடு ஒரு சட்டி மக்கிய தொழுவுரம் கலந்து குழியை மூடி, ஒரு வாரம் ஆறவிடுங்கள். ரசாயன உரம் தேவையே இல்லை. கொழுத்த மண்ணில் இலைதான் மண்டும், பூ குறையும்.

இடைவெளி: வேலி மாதிரி அடர்த்தியாக வேண்டுமென்றால் மூன்றடி. தனித்தனியாகப் புதராக நிற்க வேண்டுமென்றால் ஐந்தடி. சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். சுற்றுச்சுவருக்கு வெளியே வைக்க ஆசைப்படுபவர்கள், அந்த இடம் ஊராட்சியுடையதா மாநகராட்சியுடையதா என்று பார்த்துக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வடிகால் தோண்டும்போது எல்லாவற்றையும் வாரி எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

6. விதைப்பு: பையிலா, குழியிலா?

தமிழ்நாட்டில் நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழை வரும்போது செடி மண்ணில் இருக்க வேண்டும். மற்றதை எல்லாம் இதற்குத் தக்கபடி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழியிலேயே விதைப்பதுதான் என் முதல் பரிந்துரை. புரட்டாசிக் கடைசியில், முதல் நல்ல மழைக்கு மறுநாள், ஒரு குழிக்கு மூன்று விதையாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளை தெரியும். சிலவற்றுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அரை அடி உயரம் வந்ததும் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் சேர்ந்து ஆடிவிடும்.

நத்தை, கோழித் தொல்லை இருப்பவர்கள் பையில் விதைக்கலாம். ஆவணியில் விதைத்து ஐப்பசியில் நட்டுவிட வேண்டும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு தொழுவுரம் போதும். பை உயரமாக இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு மேல் பையில் வைத்திருந்தால் ஆணிவேர் அடியைத் தொட்டு வட்டமாகச் சுருண்டுவிடும். அப்புறம் நிலத்தில் வைத்தாலும் அந்தச் சுருள் நிமிராது. நர்சரியில் வாங்கும்போதும் இதே கணக்குத்தான். மூன்றடி உயரத்தில் பூவோடு நிற்கும் கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். ஓர் அடிக்குக் குறைவான சின்னக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள். பையின் அடி ஓட்டை வழியாக வேர் வெளியே வந்திருந்தால் வேண்டாம்.

நடும்போது பையைக் கையால் உருவாதீர்கள், பிளேடால் கீறிப் பிரியுங்கள். மண்கட்டி உடையவே கூடாது.

மாடியில் தொட்டியில் வளருமா? வளரும். ஒன்றரை அடி ஆழத் தொட்டி வேண்டும், அடியில் ஓட்டை தாராளமாக இருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். நிலத்தில் நிற்கும் செடி மாதிரி விட்டுவிட முடியாது.

செலவு

பன்னிரண்டு செடிக்கு எனக்கு ஆனது: விதைக்கு ஒன்றுமில்லை. உப்புத்தாள், பைகள் சேர்த்து 60 ரூபாய். தொழுவுரம் இரண்டு மூட்டை 240 ரூபாய். குழி தோண்ட ஓர் ஆளுக்கு ஒரு நாள் கூலி 800 ரூபாய். கட்டட மிச்சம் இருந்ததால்தான் ஒரு நாள் முழுக்க ஆனது, நல்ல மண்ணாக இருந்தால் நீங்களே இரண்டு மாலையில் தோண்டிவிடலாம். மொத்தம் 1,100 ரூபாய். இதற்கு முந்திய வருடம் அழுகிப்போன ஆறு கன்றுக்கு மட்டும் 300 ரூபாய் கொடுத்திருந்தேன்.

7. முதல் வருடத் தண்ணீர்

தினமும் ஒரு செம்பு ஊற்றுவதுதான் நாம் செய்யும் பெரிய கெடுதல். மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வேருக்குக் கீழே போக வேண்டிய அவசியமே இருக்காது. அரிதாக ஊற்றுங்கள், ஊற்றும்போது ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள்.

நட்ட முதல் இரண்டு வாரம், மழை இல்லையென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு லிட்டர். பிறகு மார்கழி முடியும்வரை, மழை பெய்யாத வாரத்தில் மட்டும் ஒரு தடவை. தை, மாசியில் வாரம் ஒரு முறை ஐந்து லிட்டர். முதல் கோடையில், அதாவது பங்குனி முதல் வைகாசி வரை, பத்து நாளைக்கு ஒரு முறை ஒரு வாளி. தூரில் ஊற்றாமல் ஓர் அடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி அதில் மெதுவாக ஊற்றுங்கள். பாத்தியில் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போடலாம், ஆனால் தண்டை ஒட்டி வேண்டாம்.

கோடை மதியத்தில் இலை கொஞ்சம் சோர்ந்து தெரிந்தால் பதற வேண்டாம். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போது நிமிர்ந்து நின்றால் தண்ணீர் தேவையில்லை. காலையிலும் தொங்கினால்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாம் கோடையில் மாதம் ஒரு முறை. மூன்றாம் வருடம் நிறுத்திவிடுங்கள்.

8. புழு வந்தால் மருந்தடிக்காதீர்கள்

மழை முடிந்த சமயம் ஒரு நாள் காலையில் இலையெல்லாம் அரித்திருக்கும். கூர்ந்து பார்த்தால் இலையின் நடுநரம்பின் மேல் அதே பச்சையில் நீளமாக ஒரு புழு படுத்திருக்கும். வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாகத் தோட்டத்தில் பறக்குமே, அந்தப் பட்டாம்பூச்சிகளின் புழு அது. ஆவாரை வகைச் செடிகளைத் தின்றுதான் அவை வளர்கின்றன. வேரூன்றிய செடி மொட்டையாகிப் போனாலும் மூன்று வாரத்தில் மறுபடி தழைத்துவிடும். ஒரு சாணுக்குக் குறைவான இளங்கன்றாக இருந்தால் மட்டும் புழுக்களைக் கையால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். மருந்தடித்தால் பூவை வீட்டில் உபயோகிக்க முடியாது.

வண்டுகளையும் விரட்டாதீர்கள். காலை எட்டு மணி வாக்கில் பெரிய கருவண்டு ஒன்று பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'ங்ங்' என்று உடம்பை அதிரவைப்பதைப் பார்க்கலாம். ஆவாரம்பூவில் மகரந்தம், நுனியில் சிறு துளை மட்டுமே உள்ள பைக்குள் அடைந்திருக்கும். அந்த அதிர்வில்தான் அது உதிர்ந்து வண்டின் வயிற்றில் கொட்டும். வண்டு வராவிட்டால் காய் பிடிப்பது குறைந்துவிடும்.

9. கவாத்து

கன்று ஓர் அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். அப்புறம் வருடத்துக்கு ஒரே ஒரு கவாத்து போதும். ஆனி மாதத்தில், மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். பூ வருவது புதுக் கிளைகளின் நுனியில்தான். ஆனியில் வெட்டினால் ஐப்பசிக்குள் புதுக் கிளை தயாராகி, தை வரை பூத்துக்கொண்டே இருக்கும். புரட்டாசியில் அழகுக்காகக் கத்தரித்தால் அந்த வருடப் பூ முழுவதும் போய்விடும். பக்கத்துத் தெருவில் தோட்டக்காரர் ஒருவர் இப்படித்தான் பெட்டி மாதிரி வெட்டி வைத்தார். அந்தப் பொங்கலுக்கு அங்கே ஒரு பூகூட இல்லை.

10. பூவும் அடுத்த விதையும்

விதைத்து ஓராண்டு கழித்து வரும் ஐப்பசியில் முதல் பூவை எதிர்பார்க்கலாம். காலையில் பனி உலர்ந்ததும் பறித்து, நிழலில் வெள்ளைத் துணியில் பரப்பி நான்கைந்து நாள் காயவிட்டு, டப்பாவில் போட்டுத் தேநீருக்கு வைத்துக்கொள்ளலாம். வெயிலில் காயவைத்தால் நிறம் செத்துவிடும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆவாரம்பூத் தேநீரை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. குடிக்க ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

போகியன்று காப்புக் கட்ட அக்கம்பக்கத்திலிருந்து பூக் கேட்டு வருவார்கள். கிளையை இழுத்து ஒடிக்க விடாமல், கத்தரியால் ஒரு சாண் நீளத்துக்கு நீங்களே நறுக்கிக் கொடுங்கள். பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்ட அந்த அளவே போதும்.

மூன்று நான்கு கிளைகளில் மட்டும் பூவைப் பறிக்காமல் விட்டு வையுங்கள். பங்குனியில் அதில் காய் கலகலக்க ஆரம்பித்ததும் பறித்து, விதையைத் தனியே எடுத்து, காகித உறையில் நான்கு காய்ந்த வேப்பிலையோடு போட்டு, எடுத்த மாதத்தை மேலே எழுதி வைத்துவிடுங்கள். ஆவணி வரும்போது தேட வேண்டியிருக்காது.